நாட்டுப்படகுக்கு எந்த ஜி.பி.எஸ். கருவி?

அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, காயல்பட்டினம் என்று நீளும் நம் கரையோர ஊர்களின் வரலாறு கடலோடு பிணைந்தது. மரக்கலம் செலுத்தியவர்களும் சங்கு குளித்தவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். இன்றும் நாட்டுப்படகிலும் ஃபைபர் படகிலும் வலை கொண்டு செல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அக்குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்க வேண்டும், கையிருப்போ குறைவு, எதை வாங்குவது? கூடவே இன்னொரு கேள்வியும் வரும். சட்டைப் பையில் திறன்பேசி இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு பேர் செல்லும் சிறு படகுக்கு, கறுப்பு வெள்ளைத் திரையும் அழுத்தும் பொத்தான்களும் கொண்ட, பென்சில் செல்லில் இயங்குகிற, நீரில் விழுந்தால் மிதக்கிற எளிய கருவியே போதுமானது. வண்ணத் திரைக்கும் வரைபடத்திற்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை மாற்றுச் செல்களுக்கும், காந்தத் திசைகாட்டிக்கும், ஆபத்தில் உதவி கோரும் கருவிக்கும் செலவிட வேண்டும். திறன்பேசி இரண்டாவது துணையாக இருக்கட்டும். அதை மட்டுமே நம்பிக் கடலுக்குப் போவது சரியன்று. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலையும் துல்லியமும்

விலை கூடக் கூடத் துல்லியமும் கூடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. கடையில் விலையுயர்ந்த கருவியை நோக்கி நம்மைத் தள்ளுவது இந்த எண்ணமே. ஜி.பி.எஸ். எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தால் இது தானாக விலகிவிடும்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசின் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் வானொலி அலையாக இடைவிடாது அனுப்புகிறது. நம் கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்குச் சந்தா இல்லை. சிம் அட்டை தேவையில்லை. தொலைபேசிக் கோபுரமும் தேவையில்லை.

இத்திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் முழு அமைப்பும் செயல்படத் தொடங்கியது. ஆனால் பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. அக்காலத்தில் ஒரு கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை பிசகலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அன்றுமுதல், திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைக்கருவியும் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டுகிறது.

கடலைவிடத் திறந்த வானம் வேறெங்கும் இல்லை. மலையோ மாடியோ மரமோ மறைப்பதில்லை. எனவே பத்து மடங்கு விலையுள்ள கருவியும் எளிய கருவியும் கடலில் காட்டும் இடம் ஏறத்தாழ ஒன்றே. வலையின் மிதவையைத் தேடிச் செல்பவருக்கு ஐந்து மீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டன்று. அந்தத் தூரத்தில் கண்ணே அதைக் கண்டுவிடும்.

நம் முன்னோரின் கைக்கருவியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அரபுக் கடலோடிகள் ‘கமால்’ என்னும் சிறு மரப்பலகையைப் பயன்படுத்தினர். அதன் நடுவிலிருந்து முடிச்சுகளிட்ட ஒரு கயிறு தொங்கும். உரிய முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்கும்படி பலகையை நீட்டிப் பிடித்து, அதன் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுகின்றனவா என்று பார்ப்பர். ஒரு துறைமுகத்திற்கு ஒரு முடிச்சு. நட்சத்திரம் பலகையின் விளிம்பில் வந்து நின்றால் அந்தத் துறைமுகத்தின் நேர்க்கோட்டை அடைந்துவிட்டோம் என்று பொருள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ ஓட வேண்டியதுதான். 15-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித் போன்றோர் நட்சத்திரக் கணக்கைக் கொண்டே இந்தியப் பெருங்கடலைக் கடந்தனர். ஒரு துண்டு மரமும் ஒரு முழக் கயிறும் எத்தனை மலிவு! அதைக் கையாளும் பயிற்சியோ ஓர் ஆயுளின் சேமிப்பு. ஜி.பி.எஸ். கருவிக்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

திறன்பேசி போதாதா?

திறன்பேசியிலும் ஜி.பி.எஸ். உண்டு. தொலைபேசி அலை கிடைக்காத நடுக்கடலிலும் அது இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் அதன் துல்லியமும் ஐந்து மீட்டர் அளவில் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி வானிலையையும் கடல் எல்லை எச்சரிக்கையையும் தமிழில் தருகிறது. இவையெல்லாம் பயனுள்ளவை, மறுப்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. நனைந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. மீன் பிசுக்கும் உப்புநீரும் படிந்த கையோடு திரையைத் தேய்த்துக்கொண்டிருக்க அலை நேரம் கொடுக்காது. உச்சிவெயிலில் திரை மங்கித் தெரியும். சூடேறினால் பேசியே அணைந்துவிடும். ஜி.பி.எஸ். இடைவிடாது இயங்கினால் மின்சேமிப்பு வேகமாகக் கரையும். அதைக் கடலில் கழற்றி மாற்றவும் இயலாது. எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. கரை நெருங்கியதும் வீட்டுக்கும் கடலோரக் காவல் படைக்கும் பேச வேண்டிய கருவி அதுதான். வழி காட்டுவதிலேயே அதன் சக்தியைத் தீர்த்துவிட்டால், பேச வேண்டிய வேளையில் அது உயிரற்றுக் கிடக்கும். ஆகவே திறன்பேசியை நீர்புகாத உறையிலிட்டு, முழு மின்னேற்றத்தோடு, அணைத்து வைப்பதே நல்ல ஏற்பாடு.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலாவது, மின்சாரம். கருவி இரண்டு பென்சில் செல்களில் இயங்க வேண்டும். சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைப்பவை அவை. இவ்வகைக் கருவிகள் ஒரு சோடி செல்லில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். திரையின் விளக்கை எரியவிட்டால் இது குறையும். இரண்டு சோடி மாற்றுச் செல்களை மூடியிட்ட குப்பியில் எடுத்துச் சென்றால் இரண்டு மூன்று நாள் தவிப்பையும் தாங்கலாம். மின்னேற்றம் செய்யக்கூடிய செல்களைப் போடுபவர்கள், எவ்வகைச் செல் என்பதைக் கருவியின் அமைப்பில் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அது காட்டும் மின்னளவு பிழையாக இருக்கும்.

இரண்டாவது, நீர்க்காப்பு. ‘ஐ.பி.எக்ஸ்.7’ என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் புகாது என்று பொருள். அந்தச் சோதனை உப்பு அரிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கும் வழக்கம் அவசியம்.

மூன்றாவது, மிதப்பு. நீர்க்காப்பு வேறு, மிதப்பு வேறு. கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். 73, அதற்கு முந்திய 72எச், வண்ணத் திரையுள்ள ஜி.பி.எஸ்.மேப் 78 ஆகியவை படகுக்கென உருவானவை. நீரில் விழுந்தால் மிதக்கும். அதே நிறுவனத்தின் இ-ட்ரெக்ஸ் வரிசை மலையேறுவோருக்கும் நடைப்பயணம் செய்வோருக்கும் உருவானது. அதில் இ-ட்ரெக்ஸ் 10 விலை குறைந்தது, நல்ல கருவி, நீர் புகாது. ஆனால் கைதவறினால் மூழ்கிவிடும். அதை வாங்குவோர் கயிறு கட்டிப் படகோடு பிணைத்தே வைக்க வேண்டும். மிதக்கும் கருவிக்கும் கயிறு நல்லதுதான். இரவில் மிதப்பதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

நான்காவது, பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த கையால், இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய முடிகிறதா? கடைக்காரரிடமே கருவியை வாங்கிச் செய்து பாருங்கள். முடியவில்லையென்றால் அது உங்களுக்கான கருவியன்று.

ஐந்தாவது, நினைவுத்திறன். ஜி.பி.எஸ். 73 போன்ற எளிய கருவியே 1,000 இடங்களைப் பதிந்து வைத்துக்கொள்ளும். துறைமுக வாய், பாறைத் திட்டுகள், மீன் கிடைக்கும் பார்கள், வலை போட்ட இடம் அனைத்தையும் குறித்தாலும் ஒரு படகுக்கு இது தாராளம்.

இனி, எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கருவியோடு வரும் உலக வரைபடத்தில் நம் கரை ஒரு தடித்த கோடாகத்தான் தெரியும். நுணுக்கமான கடல் வரைபடத்தைத் தனியே விலை கொடுத்து வாங்கினாலும், நம் மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த பார்கள் அதில் இருப்பதில்லை. அந்த வரைபடத்தை நாமே, ஒவ்வொரு புள்ளியாக, நம் கருவியில் உருவாக்குகிறோம். புகைப்படக் கருவி, பாடல், புளூடூத், கைக்கடிகார இணைப்பு ஆகியவை கடலில் உதவா. தேவையற்றதற்குக் கொடுக்கும் பணம் வீண்விரயம். கடன் வாங்கிக் கொடுத்தாலோ அது பாரமும்கூட.

பழைய கருவி வாங்கலாமா?

வாங்கலாம். எளிய கருவிகள் எளிதில் கெடுவதில்லை. ஆனால் சிலவற்றைச் சோதித்தே வாங்க வேண்டும்.

செல் வைக்கும் அறையைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புநீர் புகுந்திருக்கிறது. மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் நீர்க்காப்பு போய்விட்டது. வெட்டவெளிக்குக் கொண்டுபோய் இயக்குங்கள். நெடுநாள் அணைந்து கிடந்த கருவி செயற்கைக்கோள்களின் விவரங்களைப் புதிதாகப் பெற வேண்டியிருப்பதால், முதல் முறை பல நிமிடங்கள் எடுக்கலாம், பொறுத்திருங்கள். அடுத்த முறை ஒரு நிமிடத்திற்குள் இடம் கிடைக்க வேண்டும்.

பிறகு திரையில் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். அமைப்பு வாரங்களை எண்ணும் முறையில் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ஆம் நாள் அது நிகழ்ந்தது. புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தங்கிய தேதியைக் காட்டலாம். அவற்றிலும் இடம் பொதுவாகச் சரியாகவே இருக்கும். ஆனால் தேதியைச் சார்ந்த சூரிய உதயம், மறைவு, நிலா நேரம் போன்றவற்றை நம்ப முடியாது. விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

இதில் ஒரு நேர்மையும் கலந்திருக்கிறது. பழைய கருவிக்குள் முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் அலைந்து குறித்த பார்கள் இருக்கும். அவை அவருடைய உழைப்பின் சேமிப்பு. விற்பவர் அவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அழித்துத் தர வேண்டும். அவர் மறந்திருந்தால், வாங்குபவர் அதை அவருக்குத் தெரிவிப்பதே முறை. கருவியை விலைக்கு வாங்கினோம். அவருடைய பார்களை வாங்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவோருக்கு

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், விடுப்பில் வரும்போது மச்சானுக்கோ தம்பிக்கோ நல்ல கருவியாக வாங்கிவர விரும்புவர். அன்பான எண்ணம்தான். ஆனால் இங்கே கவனம் மிக அவசியம்.

அலையைப் பெற மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் செய்யும் கருவி வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கார்மினின் ‘இன்ரீச்’ வகை இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. அதையும், துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் அரசின் முன் அனுமதியின்றி இந்தியாவிற்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் குற்றம். அறியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. ‘ஆபத்தில் உதவுமே’ என்று ஆசையோடு வாங்கிய பரிசு, கொண்டுவந்தவரை வழக்கில் நிறுத்திவிடும். பெட்டியின்மேல் ‘இன்ரீச்’ என்றோ ‘சாட்டிலைட் கம்யூனிகேட்டர்’ என்றோ எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். எளிய கருவியானாலும் பற்றுச்சீட்டோடு கொண்டுவந்து, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

உள்ளூரில் பழுது பார்ப்பவர் அறிந்த கருவியையே வாங்குவது இன்னொரு நன்மை. துறைமுகத்தில் பத்துப் படகுகளில் உள்ள கருவியையே நீங்களும் வைத்திருந்தால், கற்றுத்தர ஆள் கிடைப்பார். மூடியும் கயிறும் மாற்றக் கிடைக்கும்.

எண்ணை எழுதும் முறை உயிர் தொடர்பானது

கருவி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை, அதன் எண்முறையைச் சரிபார்ப்பது. ஓரிடத்தின் அட்சரேகையை மூன்று வகையில் எழுதலாம். பாகையைத் தசமமாக எழுதுவது ஒன்று. பாகையும் தசம நிமிடமும் எழுதுவது இரண்டாவது. பாகை, நிமிடம், விநாடி என்று எழுதுவது மூன்றாவது.

இவற்றைக் குழப்பினால் என்னவாகும்? அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். 9 பாகை 20.50 நிமிடம் என்பதன் பொருள் 20 நிமிடம் 30 விநாடி. அதை 20 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால் 600 மீட்டருக்கு மேல் பிசகும். 9.20 பாகை என்பதன் பொருள் 9 பாகை 12 நிமிடம். அதை 9 பாகை 20 நிமிடம் என்று பதிந்தவர் எட்டுக் கடல்மைல் தள்ளிப் போய் நிற்பார். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். எரிபொருள் எண்ணி ஊற்றிய படகுக்கு இது பெருந்தொலைவு.

இன்காய்ஸ் எனப்படும் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் மீன் கூடும் இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு அறிவிக்கிறது. அண்டைப் படகு ஆபத்தில் இருக்கும்போது அவர்கள் வானொலியில் சொல்வதும் எண்தான். சொல்பவரும் கேட்பவரும் ஒரே முறையில் எழுதாவிட்டால் உதவிக்குப் போகும் படகு வெறுங்கடலைச் சென்றடையும். எனவே ஒரு துறையிலுள்ள படகுகள் அனைத்தும் ஒரே எண்முறையைப் பின்பற்ற வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்வது நல்லது. பாகையும் தசம நிமிடமும் கடலில் வழக்கமானது, அதையே கொள்ளலாம். அத்துடன், நில அளவை அடிப்படை என்னும் அமைப்பு ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்றிருக்க வேண்டும். பழைய கருவியில் யாரேனும் அதை மாற்றியிருந்தால் எண் சரியாக இருந்தும் இடம் சில நூறு மீட்டர் விலகும்.

பாக் நீரிணையில் இதன் பொருள் இன்னும் கனமானது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையப்பட்டது. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய கடலின் நடுவே செல்லும் கோடு கண்ணுக்குத் தெரியாது. எல்லைப் புள்ளிகளைக் கருவியில் வரிசையாகப் பதிந்து, நெருங்கும்போது ஒலிக்கும்படி எச்சரிக்கை வைத்துக்கொள்ள முடியும். அவ்வெச்சரிக்கை ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிய வட்டத்திற்கே ஒலிக்கும். இரு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் அங்கே கருவி வாய்திறக்காது. புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டும்.

எல்லைப் பிரச்சினையை ஒரு கைக்கருவி தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதன் வேர்கள் ஆழமானவை. எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை விரிப்பவர்களும் தமிழ் பேசும் எளிய மக்களே. அவர்களுடைய வலை அறுபடும்போது அவர்கள் வீட்டு அடுப்பும் அணைகிறது. தெரியாமல் கடந்து, படகை இழந்து, சிறையில் வாடும் நிலையையாவது தவிர்க்க இயலும் என்பதே என் வாதம்.

கருவி காட்டும் திசையும் கிப்லாவும்

எளிய கருவிகளைப் பற்றிப் பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. காந்தத் திசையுணரி இல்லாத ஜி.பி.எஸ். கருவிக்கு, நின்ற இடத்தில் வடக்கு எது என்று தெரியாது. நகரும்போது முன்பிருந்த இடத்தையும் இப்போதுள்ள இடத்தையும் ஒப்பிட்டே அது திசையைக் கணிக்கிறது. நங்கூரமிட்ட படகில் அதன் அம்புக்குறி தாறுமாறாகச் சுழலும். இயந்திரம் நின்று, இருளில் கரை எப்பக்கம் என்று தேடுபவர் அந்த அம்பை நம்பினால் தவறான பக்கம் துடுப்புப் போடுவார்.

கிப்லாவை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். கஅபா அமைந்துள்ள இடத்தை, வடக்கு 21 பாகை 25.35 நிமிடம், கிழக்கு 39 பாகை 49.57 நிமிடம் என்று கருவியில் பதிந்து கொள்ளலாம். நடுக்கடலில் தொழுகை நேரம் வரும்போது அப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அது எத்தனை பாகையில் உள்ளது என்று திரை காட்டும். கீழக்கரைக் கடலிலிருந்து அது ஏறத்தாழ 293 பாகை. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. இந்த எண் நின்ற படகிலும் சரியானதே. ஆனால் 293 பாகை எந்தப் பக்கம் என்று காட்டுவது கருவியின் அம்பன்று, காந்தத் திசைகாட்டிதான். கரைக்குத் திரும்பும் வழிக்கும் இதே கணக்குப் பொருந்தும். எண்ணைக் கருவியில் பாருங்கள். திசையைத் திசைகாட்டியில் பாருங்கள். திசையுணரி உள்ளே அமைந்த விலையுயர்ந்த கருவியை வாங்குவதைவிட, எளிய கருவியோடு சிறிய திசைகாட்டி ஒன்றை வாங்குவது மலிவு. அதற்குச் செல்லும் வேண்டாம்.

கருவியால் செய்ய முடியாதது

‘ஜி.பி.எஸ். இருக்கிறது, எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று வீட்டிலுள்ள பெண்கள் ஆறுதல் கொள்வதைக் காண்கிறோம். அந்த ஆறுதல் தவறானது. ஜி.பி.எஸ். கருவி அலையைப் பெறுகிறது, எதையும் அனுப்புவதில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். கரையில் எவருக்கும் தெரியாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. அவர்களின் அபயக்குரல் கரைக்கு எட்டவுமில்லை. எத்தனையோ குடும்பங்கள் உடலைக்கூடக் காணாமல் தவித்தன. இடம் அறிவதும் உதவி கோருவதும் இரு வேறு தேவைகள் என்பதை அந்தத் துயரம் நமக்கு உணர்த்தியது.

இயந்திரம் நின்ற படகை இரண்டு கடல்மைல் வேகமுள்ள நீரோட்டம் இழுத்தால், பத்து மணி நேரத்தில் அது 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர் தொலைவு நகர்ந்திருக்கும். தேடுவோர் எங்கே தேடுவர்? ஆகவே எளிய கருவியால் மிச்சமான பணம் இங்கேதான் செல்ல வேண்டும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீனவர்களுக்கென உருவாக்கிய ‘டாட்’ என்னும் ஆபத்து அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால், செய்தி செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்தை அடைகிறது. இது சட்டப்படியான, நமக்கென்றே உருவான ஏற்பாடு. மீன்வளத் துறை அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள்; சங்கத்தின் மூலம் கேட்டால் குரலுக்கு வலு அதிகம். வி.எச்.எஃப். வானொலி வைத்திருப்போர் 16-ஆம் அலைவரிசையில் இடத்தின் எண்ணைச் சொல்லி அழைக்கலாம். தொலைபேசி அலை கிடைக்கும் தூரத்தில் 1554 என்ற கடலோரக் காவல் படையின் எண் உண்டு. இம்மூன்றிலும் நீங்கள் சொல்லவோ அனுப்பவோ வேண்டியது இடத்தின் எண்ணை. அங்கே உங்கள் எளிய கருவி தன் விலைக்கு மேல் உழைத்துவிடும்.

கற்றுக்கொள்வதே மிச்சம்

பெரும்பாலான படகுகளில் கருவியை இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் நோயுற்றாலோ, நீரில் தவறி விழுந்தாலோ, மற்றவர்கள் கையில் கருவி இருந்தும் வழியறியாதவர்களாகி விடுவர். படகிலுள்ள ஒவ்வொருவரும் மூன்று செயல்களைக் கற்றிருக்க வேண்டும்: இருக்கும் இடத்தின் எண்ணைப் படிப்பது, அந்த இடத்தைப் பதிவு செய்வது, துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்பும் பாகையைப் பார்ப்பது. ஒரு மாலைப்பொழுதில் கரையில் அமர்ந்தே இதைக் கற்பித்துவிடலாம். ஒருவர் விழுந்த அந்த நொடியிலேயே இடத்தைப் பதிவு செய்யத் தெரிந்த இளைஞன் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

துறைமுக வாயின் எண்ணையும் முக்கியமான நான்கைந்து இடங்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, நெகிழி உறையிலிட்டுப் படகில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது எந்தப் பகுதிக்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஓய்வெடுக்கும் விசைப்படகுகளில் இருப்போர், செல்களைக் கழற்றிவிட்டே கருவியை வையுங்கள். கசிந்த செல் கருவியைத் தின்றுவிடும்.

பெரியவர்கள் அறிந்த அறிவையும் கைவிட வேண்டாம். பள்ளியின் மினாராவையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார் இருக்குமிடம் அறிந்தவர்கள் அவர்கள். வாடைக்காற்றையும் கச்சான் காற்றையும் முகத்தில் பட்டவுடன் பிரித்தறிந்தவர்கள். கருவி காட்டுவதும் கண் காட்டுவதும் மாறுபட்டால் நின்று யோசிக்க வைப்பது அந்த அறிவே. இளைஞர்கள் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடங்களைக் கருவியில் பதிந்து வைக்கட்டும்.

சகோதரர்களே! படகில் ஏறும் கூலியாளின் உயிர் படகு உரிமையாளரிடம் விடப்பட்ட அமானிதம். அவனுடைய மனைவியும் மக்களும் அவரை நம்பித்தான் அவனை அனுப்புகின்றனர். ஓர் எளிய கருவி, இரண்டு சோடிச் செல், ஒரு திசைகாட்டி, ஓர் ஆபத்து அறிவிப்புக் கருவி, ஒரு மாலை நேரப் பயிற்சி: அந்த அமானிதத்தைப் பேண இவ்வளவு தேவை. வரும் பருவத்திற்குப் புதுவலை வாங்கக் கணக்குப் போடும்போது, அந்தத் தாளின் முதல் வரியில் இவற்றை எழுதுங்கள்.